முப்பத்தொன்பது வயது, நான்கு மாதம்

ஆவணி மாதத்து முதல் ஞாயிறு, காலை 6.40. சங்ககிரி பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி ஏறினோம். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். உடன் வந்தவன் என் அக்காள் மகன் கதிர்வேல். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருக்கிறான். ஆண்டில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் துளை போட்டுக்கொண்டிருப்பான். மழைக்காலத்தில் வண்டிகள் திரும்பும்போது நான்கு மாதம் ஊரில் இருப்பான். பெண் பார்ப்பதெல்லாம் அந்த நான்கு மாதத்துக்குள். இப்படிப் பதினொரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அவன் அப்பா காலமான பிறகு, போகிற இடத்துக்கெல்லாம் பெரியவன் என்று உடன் போவது நான்தான்.

நாங்கள் போனது எங்கள் சமூகத்து அறக்கட்டளை ஒன்று ஆண்டுக்கொரு முறை சேலத்தில் நடத்தும் இளைஞர் ஆற்றல் பெருவிழாவுக்கு. காலையில் தன்னம்பிக்கைப் பயிற்சி, வேலைவாய்ப்பு ஆலோசனை, ரத்த தானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரன் அறிமுகம். பெயர்தான் பெருவிழா, எங்கள் பக்கத்திலிருந்து போகிற பலரும் மதியத்துக்காகத்தான் போகிறார்கள். வயது வரம்பு பதினெட்டு முதல் நாற்பது. கதிர்வேலுக்கு அன்று முப்பத்தொன்பது வயது, நான்கு மாதம். அடுத்த ஆண்டு அவன் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அக்காள் முதல்நாளே சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவ ஆகலீன்னா நான் இனி ஒரு எடத்துலயும் பேரு பதிய மாட்டேன் தம்பி. அவன் தலையெழுத்துன்னு உட்டுருவேன்.”

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஆகவே பதிவுப் படிவத்தையும் ஒரு மாதம் முன்பே நான்தான் நிரப்பி அனுப்பினேன். வயது 39. நிலம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். கிணறு ஒன்று, தண்ணீர் ஆறு மாதம்.

வண்டியில் அவன் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தான். மகுடஞ்சாவடி தாண்டியதும், “நேத்து டை அடிச்சதுல காதுல கறை ஒட்டிக்கிச்சுங்க மாமா. தேச்சுந் தேச்சும் போகல” என்றான்.

“பொண்ணு ஊட்டுக்காரங்க காதையா பாப்பாங்க?”

“இந்த வயசுல எல்லாத்தையும் பாப்பாங்க.”

7.55க்குச் சேலம் புதிய பேருந்து நிலையம். எதிரே ஒரு கடையில் இட்லி, வடை, காபி. இருவருக்கும் நூற்றுப் பத்து ரூபாய். வானம் மூடியிருந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு இருநூற்றுக்கு வந்தார். மண்டபத்தின் பெயரைச் சொன்னவுடன் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை யாருங்க சார்?”

“இவன்தான்.”

“காலையில இருந்து இது நாலாவது சவாரி. எல்லாம் மாப்பிள்ளைங்களாவே ஏத்துறேன். பொண்ணு ஒண்ணுகூட ஏறலை.”

“அவங்க கார்ல வருவாங்க” என்றான் கதிர்வேல்.

“அப்படிச் சொல்லி மனசைத் தேத்திக்க வேண்டியதுதான்” என்று சொல்லி அவரே சிரித்தார். அஸ்தம்பட்டி, கோரிமேடு என்று வண்டி ஏறிப் போனது. எதிரே ஏற்காடு மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும் இருந்தது.

8.50. மண்டபம் மலைப்பாதைக்குத் திரும்பும் இடத்துக்கு முன்னால் இருக்கிறது. நுழைவில் இரண்டு மேசைகள். பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களுக்கு வெள்ளை அட்டை, வரன் அறிமுகத்துக்கும் பதிந்தவர்களுக்கு மஞ்சள் அட்டை. கதிர்வேலின் மஞ்சள் அட்டையில் எண் 87. கூடவே ஒரு கையேடு. பதிந்தவர்களின் விவரமெல்லாம் அதில் அச்சாகியிருந்தது. பெண்கள் பக்கத்தை எண்ணினேன். இருபத்தொன்று. ஆண்களின் வரிசை எண் இருநூற்று ஆறில் முடிந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார். கோழிப்பண்ணை. மஞ்சள் அட்டை. மூன்றாவது ஆண்டாக வருகிறாராம். “எண்ணாதீங்க, கணக்கு இன்னுங் கொறையும்” என்றார் என்னிடம். “இருவத்தொண்ணுல எட்டுப் பேருக்குப் போன மாசமே முடிஞ்சிருக்கும். மேடையில வாழ்த்துச் சொல்ல வர்றவங்க பொண்ணுங்கள விட ஜாஸ்தியா இருப்பாங்க, பாருங்க.” நான் பார்த்தேன். மேடையில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

10.15க்குச் சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் பேச ஆரம்பித்தார். காதோரம் சிறிய ஒலிவாங்கி. ஓர் இடத்தில் நிற்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடி, பத்து ஆண்டு கழித்து நாம் எப்படி இருப்போம் என்று மனத்துக்குள் பார்க்கச் சொன்னார். முன்வரிசைகளில் வெள்ளை அட்டைப் பிள்ளைகள், இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள், சந்தோஷமாகக் கண்ணை மூடினார்கள். கதிர்வேல் மூடவில்லை.

“பத்து வருசங் கழிச்சு நாப்பத்தொம்போதுங்க மாமா. கண்ண மூடவே பயமா இருக்குது.”

ராசிபுரத்துக்காரர் மூடிய கண்ணைத் திறக்காமலே, “எனக்கு அப்பவும் கோழிதான் தெரியுது” என்றார்.

12.30க்குச் சாப்பாடு. 1.20க்குள் வெள்ளை அட்டைக்காரர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு, மேடை முன்னால் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு, கிளம்பிவிட்டார்கள். காலையில் நிறைந்திருந்த மண்டபத்தில் அதன்பின் மிஞ்சியவர்கள் மஞ்சள் அட்டைக்காரர்களும் அவர்களைக் கூட்டி வந்தவர்களும்தான். “இளைஞனே எழு” என்று எழுதிய துணி மேடைக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. அதன்கீழ் முன்நெற்றி ஏறியவர்களும் சட்டைக்குள் வயிற்றை இழுத்துப் பிடித்தவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கு அரை நிமிடம். பெயர், ஊர், கூட்டம், வேலை, நிலம். கூட்டம் என்பது எங்கள் குலப்பிரிவு. ஒரே கூட்டத்துக்குள் நாங்கள் பெண் எடுப்பதில்லை.

2.40க்குக் கதிர்வேலின் எண்ணை அழைத்தார்கள். சரியாகவே பேசினான். கடைசியில், “ஹிந்தி நல்லா பேசுவேனுங்க” என்று ஏனோ சேர்த்துக்கொண்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பெண்கள் யாரும் மேடை ஏறவில்லை. அப்பாமார்கள் கோப்புகளோடு ஓரமாக உட்கார்ந்து கையேட்டில் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தானாக ஏறினார். எண் 14. பெயர் தேவகி, ஊர் இளம்பிள்ளை, கையேட்டில் வயது 36. கைப்பேசியில் நேரலையாகச் சேலை காட்டி விற்கிறவர். “தெனமும் ஆயிரம் பேரு முன்னாடி பேசறேன், இங்க அத்தன பேருகூட இல்லீங்க, எனக்கென்ன பயம்” என்று தொடங்கினார். அப்பா பத்து ஆண்டு படுக்கையில் இருந்தார், தங்கைகள் இருவருக்கு முடித்து வைத்தேன், அதனால் தாமதம் என்றார். எதையும் மறைத்தும் பேசவில்லை, கூட்டியும் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

3.05க்கு அவருடைய அண்ணன் சுப்பிரமணி எங்களைத் தேடி வந்தார். கூட்டம் வேறு வேறுதான் என்று முதலில் உறுதி செய்துகொண்டோம். அவர்கள் இருவரையும் பேச விட்டு நாங்கள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தோம். காதில் விழாமல் இல்லை.

“எத்தன மாசமுங்க வெளிய இருப்பீங்க?”

“எட்டு மாசமுங்க.”

“அப்ப நாலு மாசந்தான் ஊட்டுல.”

“ஆமாங்க. அதுக்காகத்தான் நெறையப் பேரு வேண்டாம்னுட்டாங்க.”

“எனக்கு அதுதானுங்க சௌகரியம். எட்டு மாசம் யாவாரத்தப் பாப்பேன். நாலு மாசம் உங்களப் பாப்பேன்.”

கதிர்வேல் சிரித்தான். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக. அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

சுப்பிரமணி என் கையிலிருந்த சாதக நகலை வாங்கவில்லை. “இந்த வயசுக்கு மேல சாதகம் எதுக்குங்க? கோயில்ல பூப்போட்டுப் பாத்துக்கலாம். நல்ல பூ வந்தா முடிச்சுக்கலாம்” என்றார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, எடுத்த பூவைச் சாமியின் சொல்லாக வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. “வர்ற ஞாயித்துக்கெழம ஊடு பாக்க வாரோமுங்க” என்று கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, தங்கையோடு வெளியே போனார்.

இத்தோடு நான் பேசாமல் கிளம்பியிருக்க வேண்டும்.

3.45. மஞ்சள் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பதிவு மேசைக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் விசாரித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். கையேட்டைப் புரட்டி, “முப்பத்தொம்போதுன்னு போட்டிருக்கறீங்க. நெசத்துல நாப்பத்திரண்டா, மூணா?” என்றார்.

“இல்லீங்க, முப்பத்தொம்போதேதான்.”

“என்றகிட்டச் சொல்றதுக்கென்னங்க? ஆம்பளைங்க மூணு வயசு கொறச்சு எழுதுவாங்க, பொண்ணு ஊட்டுக்காரங்க மூணு கூட்டிப் படிப்பாங்க. நெலத்தப் பாதியாக்கிக்குவாங்க. இத்தன வருசமா அப்படித்தான் நடக்குது. அதுல யாருக்கும் கோவமில்ல.”

அப்படியானால் இளம்பிள்ளைக்காரர்கள் கதிர்வேலுக்கு நாற்பத்திரண்டு வயது, ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். வீடு திரும்பி நாலு பேரிடம் கலந்து மனம் மாறிவிட்டால்? கோப்பில் அவனுடைய ஆதார் அட்டை நகல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். தூறல் ஆரம்பித்திருந்தது. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அவர்களுடைய ஆம்னி வேன் அப்போதுதான் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. தட்டி நிறுத்தினேன். என் பின்னாலேயே கதிர்வேலும் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தான்.

“கையேட்டுல இருக்கறது நெசமான வயசுங்க. நீங்க கூட்டிக்க வேண்டியதில்ல. இதைப் பாருங்க” என்று நகலை நீட்டினேன்.

சுப்பிரமணி அதை இரண்டு முறை படித்தார். மழைத்துளி விழாமல் கையால் மறைத்துக்கொண்டு படித்தார். அவர் முகம் வாடிவிட்டது.

“நெசமாலுமே முப்பத்தொம்போதா?”

“முப்பத்தொம்போது, நாலு மாசமுங்க.”

அவர் நகலை மடித்தார். உள்ளே இருந்து தேவகி, “எனக்கு நாப்பத்தொண்ணுங்க” என்றார்.

“நீ சும்மா இரு கண்ணு” என்றார் அண்ணன்.

“அவங்க அட்டையக் காட்டிட்டாங்க. நானும் சொல்லோணுமில்ல? நாப்பதுக்கு மேலன்னா உள்ளயே உட மாட்டாங்க, அதனால கொறச்சு எழுதினமுங்க. உங்களுக்கு நாப்பத்திரண்டு இருக்கும், ஒரு வயசு மூப்புன்னு அண்ணன் நெனச்சாரு.”

சாதகம் வேண்டாம், பூப்போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் பெண் மூத்தவளாக இருக்கும் சம்பந்தத்தை வாயால் பேசக்கூட மாட்டார்கள்.

கதிர்வேல் என்னைத் தாண்டி முன்னால் வந்தான். “ரெண்டு வயசுதானுங்களே. அதுல என்னங்க இருக்குது?”

சுப்பிரமணி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க.”

மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அக்காள் என்ன சொல்வாள், பங்காளிகள் என்ன சொல்வார்கள், பத்திரிகை கொடுக்கும்போது பெண்ணுக்கு எத்தனை வயது என்று கேட்டால் என்ன சொல்வது என்று என் மனம் ஓடியது. “ஊட்டுல கலந்துட்டுச் சொல்றோமுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். அது அங்கிருந்த நால்வருக்கும் தெரியும்.

“சரிங்க” என்றார் தேவகி. “மழ வலுக்குது, வண்டிய எடுங்கண்ணா.”

5.10க்குச் சேலத்தில் திரும்பும் வண்டி. அதே முப்பத்தைந்து ரூபாய். கொண்டலாம்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கதிர்வேல் கேட்டான்.

“அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“பொருத்தமில்லைன்னு சொல்றேன்.”

“எதுலீங்க மாமா?”

அவன் கைப்பேசியை எடுத்தான். ரிக் வண்டி மேனேஜரை அழைத்து, ராய்ப்பூருக்கு முன்கூட்டியே போகிற வண்டியில் ஆள் வேண்டுமா என்று விசாரித்தான். புதன்கிழமை கிளம்புகிறதாம். வழக்கமாக ஆயுத பூஜை முடிந்துதான் போவான்.

7.05க்கு வீடு. அக்காள் வாசல் விளக்கின்கீழ் நின்றிருந்தாள். அவன் நேராக உள்ளே போய்விட்டான். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

“ஆளு எப்படிடா?”

“நல்ல மாதிரிக்கா. தைரியமான பொண்ணு.”

“இவன் பேசினானா?”

“சிரிச்சான்.”

“சிரிச்சானா!” அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்புறம் ரெண்டு வயசு மூப்புன்னா என்னடா? அவன் ஊட்டுல வெளக்கேத்த ஒருத்தி வந்தாப் போதும்னு நான் கெடக்கறேன். போனப் போடு சாமி, இப்பவே போடு.”

போட்டேன். சுப்பிரமணி மரியாதையாகத்தான் பேசினார்.

“நான் சரின்னுதானுங்க சொல்லுவேன். அவ வேண்டாங்கறா. நாலு பேரு முன்னாடி வயச ஒடச்சுச் சொன்னேன், அதுக்கும் மேல கலந்துட்டுச் சொல்றோம்னாங்க, அப்படிப்பட்ட ஊட்டுக்கு வேண்டாங்கறா. நாளைக்கு ஒண்ணுன்னா அங்க யாரும் எனக்காகப் பேச மாட்டாங்கன்னு சொல்றா. தப்பா நெனச்சுக்காதீங்க.”

கதிர்வேல் புதன்கிழமை காலை போய்விட்டான். மண்டபத்தில் எல்லோரும் கூட்டியும் கழித்தும் படித்த ஒரு வயதை நம்பவைக்க நான் மழையில் ஓடினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர் இந்தப் பக்கம், வீட்டில், அந்த வயதை யாரும் கேட்கவே இல்லை.