ஒரு பாஸ் பாடகரின் ஹெட்போன் விசாரம்

எங்கள் சபைக் கொயரில் நான் இருபது வருடமாக பாஸ் பாடுகிறேன். நான்கு குரல்களில் ஆகக் கீழே ஓடுகிற குரல் அது. மேலே பெண்கள் சொப்ரானோவும் ஆல்டோவும் பாடுவார்கள், நடுவில் டெனர், அடியில் நாங்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள் என்று டெனர்காரர்கள் கேட்பார்கள்.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீசுக்குப் பயிற்சி தொடங்கி இரண்டு ஞாயிறு ஆகியிருந்தது. மூன்றாம் ஞாயிறு கொயர் மாஸ்டர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பாஸ் சரியாகல்ல. இன்னும் மூணு வாரம் பாப்பேன். அதுக்கப்புறமும் சரியாப் பாடாத ஆளு, கேரல் அன்னைக்கி சபையோட கீழ இருந்து பாடினாப் போதும்" என்றார். யார் என்று சொல்லவில்லைதான். ஆனால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சபையோடு உட்கார்ந்து பாடுவது ஒன்றும் பாவமில்லை. ஊரே அப்படித்தான் பாடுகிறது. ஆனால் இருபது கிறிஸ்துமஸ் மேலே கொயர் மேடையில் நின்றவன் ஒரு கிறிஸ்துமஸ் கீழே உட்கார்ந்தால், ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒவ்வொருவராக வந்து "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். அந்த இடத்தை விட எனக்கு மனசில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் சோல்பா முறையில்தான் பாட்டுப் படிப்போம். டோ, ரே, மீ என்பதை எழுத்துகளாக அச்சடித்த புத்தகம் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு குரலும் தன் வரியைப் பாடும். எனக்கு அது வாசிக்கத் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் மறுத்ததில்லை, அவ்வளவுதான். உண்மையில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் பாடுவதை அரை நொடி தாமதமாகப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். அவர் இந்த மே மாதம் மகளோடு இருக்க பெங்களூருக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்த பாஸ்காரர்கள் இரண்டு பேரும் சாதுக்கள். என் தொண்டைக்கு முன்னால் அவர்கள் பாடுவது அவர்களுக்கே கேட்காது.

எனக்கு மிஞ்சியது வாட்ஸ்அப். ஒவ்வொரு பயிற்சியையும் மாஸ்டர் தன் போனில் பதிவுசெய்து கொயர் குரூப்பில் போடுவார். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதைக் கேட்டுத்தான் படித்தேன். போனோடு இனாமாக வந்த இயர்போன் அது. சொப்ரானோ கணீரென்று கேட்கும், ஆல்டோ கேட்கும், டெனரும் ஒருவாறு கேட்கும். பாஸ் மட்டும் எங்கோ தூரத்தில் லாரி போகிற மாதிரி உறுமும். நானாக ஊகித்துக்கொண்டு முணுமுணுப்பேன். ஒருநாள் தக்கலையில், பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இறங்கவேண்டிய இடம் நாகர்கோவில் என்று எனக்குத் தெரியும்.

கோளாறு என்னிடம் இல்லை, இயர்போனிடம்தான் என்று முடிவு கட்டினேன். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ரப்பர் மரங்களின் புண்ணியத்தில் கையில் கொஞ்சம் காசும் இருந்தது.

சவூதியில் தம்மாமில் இருக்கிற என் மச்சினனுக்கு போன் போட்டேன். பாட்டுக் கேட்கிற கருவிகளில் அவன் பைத்தியம். "அத்தான், ஹெட்போன்தான் மொதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்" என்று சொல்லி, ஏழு வீடியோ அனுப்பினான். வீடியோக்களில் தாடி வைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாஸைப் பற்றிப் பேசினார்கள். இருபது வருடம் பாஸ் பாடியவனுக்கு அவர்கள் சொன்னது ஒன்றும் புரியவில்லை.

மார்த்தாண்டத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிறவரிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "சாரே, நல்ல ஹெட்போன தள்ளுறதுக்கு ஒங்க போனுக்கு வலு காணாது. சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்குங்க. மோட்டாருக்கு வலு இல்லாம பைப்ப மாத்தி என்ன காரியம்?"

இது மச்சினனுக்குப் போனது. "பைப்பே அடச்சுக் கெடந்தா மோட்டார் என்ன செய்யும்னு கேளுங்க அத்தான்" என்று பதில் வந்தது. அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். இப்படி இரண்டு வாரம், கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே நான் நடந்துகொண்டிருந்தேன். இரண்டையும் வாங்க வசதியில்லை. ஒன்றை வாங்கி அது தப்பாகிவிட்டால் கேரலுக்குக் கீழேதான் உட்கார வேண்டும். பகலில் ஹெட்போன் என்று தீர்மானிப்பேன். சாயங்காலம் சாயா குடிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

என் மனைவியும் கொயரில்தான் இருக்கிறாள். ஆல்டோ, சோல்பாவைப் பத்திரிகை மாதிரி வாசிப்பாள். "ரெண்டும் வேண்டாங்க. புத்தகத்தப் பாத்துப் படிங்க" என்றாள். தொழில்நுட்பம் தெரியாத ஆள் என்று நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கெடுவில் ஒரே ஒரு ஞாயிறு பாக்கி இருந்தபோது, திங்கட்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் இரக்கப்பட்டு, பெரிய ஹெட்போனையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாக மாட்டி, "கேட்டுப் பாத்துத் தீருமானிங்க சாரே" என்று என் போனை வாங்கி முந்தின நாள் பயிற்சிப் பதிவைத் தட்டிவிட்டார். நான் எப்போதும் முதல் அரை நிமிடத்தைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். நாற்காலி இழுக்கிற சத்தமும் இருமலும்தான் அதில் இருக்கும். அவர் முதலிலிருந்தே ஓட விட்டார்.

நாற்காலி இழுத்தார்கள். யாரோ இருமினார்கள். பிறகு காதுக்குள்ளேயே என் மனைவியின் குரல், ரகசியமாக.

"மாஸ்டர், ஒங்க போன பெண்ணுங்க பக்கத்து ஜன்னல்லயே வையுங்க. பாஸ் பக்கம் வச்சா அவரு சத்தம் மட்டும் தனியாக் கேக்கும். குரூப்புல எல்லாரும் கேப்பாங்க. பாவம்."

"எத்தன நாளு மக்ளே இப்பிடி மறைக்க?" என்றார் மாஸ்டர். "வாற ஞாயிறோட நான் சொல்லித்தானே ஆகணும்."

பாட்டு தொடங்கியது. வாங்கப்போகிற சாமான்கள் நல்ல சாமான்கள், எல்லாம் கேட்டது. தூரத்தில் இரண்டு சாதுக்களும் தங்கள் வரியை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைமேல் ஏறி நின்றுகொண்டு ஒரு பெரிய குரல், டெனர்காரர்களின் மெட்டை அப்படியே கீழே இறக்கிப் பாடிக்கொண்டிருந்தது. முழு உறுதியோடு, ஒரு இடத்தில்கூடத் தயங்காமல்.

விஷயம் மெல்ல விளங்கியது. என் தப்பு கேட்கக்கூடாதென்று அவள் போனை எட்ட வைக்கச் சொல்லியிருக்கிறாள். எட்ட வைத்ததால் என் இயர்போனில் பாஸ் கேட்கவில்லை. பாஸ் கேட்காததால், கேட்ட டெனரையே நான் பாஸ் என்று நினைத்துப் படித்திருக்கிறேன். படித்ததை அடுத்த ஞாயிறு இன்னும் உரக்கப் பாடியிருக்கிறேன். அவள் போனை இன்னும் எட்ட வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

"எது எடுக்க சாரே?" என்றார் கடைக்காரர். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டு வாரம் அவரை அலைக்கழித்ததற்கு இரண்டு எல்இடி பல்பு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அவள் கிறிஸ்துமஸ் பலகாரம் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "எது வாங்கினீங்க?" என்றாள்.

"பல்பு. நீ மாஸ்டருட்ட போன வைக்கச் சொன்னத கேட்டேன்."

கை நின்றது. "எந்த வாரத்துக்குள்ளது?" என்றாள்.

அப்போதுதான் எத்தனை வாரமாக நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க பாட்டையே விட்டிருவீங்க." உருண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குளிக்கும்போ பாட்டு, தேங்கா துருவும்போ பாட்டு. எல்லாம் தப்புத்தான். ஆனா அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல இருக்க எனக்கு வய்யாது."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு நேராக எதையும் சொன்னதில்லை. சோல்பா எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நானும் அன்றைக்கு அவளிடம் நேராகச் சொன்னேன். தெரியும் என்றாள்.

அன்றிலிருந்து ஆறு சாயங்காலம் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுவாள். தப்பினால் கரண்டியால் மேசையில் ஒரு தட்டு. நான் டெனர் பக்கம் வழுக்கும்போதெல்லாம் இரண்டு தட்டு. சனிக்கிழமைக்குள் தட்டு குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை.

ஞாயிறு பயிற்சிக்கு முன் நானே ஜன்னலிலிருந்து மாஸ்டரின் போனை எடுத்து, பாஸ் வரிசைக்கு முன்னால், எனக்கு நேராக ஒரு நாற்காலியில் வைத்தேன். மாஸ்டர் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஆல்டோ வரிசையில் ஒருத்தி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பாடினேன். இருபது வருடத்தில் பாட்டுக்கு நடுவே எனக்கு வியர்த்தது அன்றுதான்.

மத்தியானம் பதிவு குரூப்பில் வந்தது. கொயர் முழுக்க அதைக் கேட்கும். அவள் பயந்தது அதற்குத்தான். இரண்டாம் வரியின் முடிவில் நான் இறங்காமல் நின்றது தேங்காய் விழுந்த மாதிரி தெளிவாகக் கேட்டது. பதிவுக்குக் கீழே மாஸ்டர் என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்: "இரண்டாம் வரி கடைசி நோட் தவறு. வரும் ஞாயிறு அதைச் சரியாக்கிக்கொண்டு வாரும்."

கீழே உட்காருவது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவள் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "வாறேன் மாஸ்டர்" என்று எல்லோரும் பார்க்க நான் பதில் போட்டேன்.