பிரசன்னாவுக்கு நான் பார்த்த வீடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பேனாவை மூடினவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு, அதையும் எழுதித் தொலைக்க வேண்டுமா என்றிருந்தது. ஆனால் பிள்ளையை வெளிநாட்டுக் காலேஜுக்கு அனுப்பத் துடிக்கிற ஊர்ப்பக்கத்து மகராசர்களும், இங்கே என்னைப் போல முதுகு வேர்க்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பூரில் நான் இருக்கிற பக்கம் மாடு இல்லை. புல் மட்டும் இருக்கிறது. தின்ன வாயில்லாத புல் பாட்டுக்கு வளர்கிறது. அதை வெட்டத்தான் என்னை பிளேன் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய காலேஜ் வளாகத்தில் வேலை. மெஷினைத் தோளில் மாட்டி வெட்டுவோம், கறுப்புப் பையில் அள்ளிக் கட்டுவோம், குப்பை லாரியில் எறிவோம். ஊரில், சிலமலையில், எங்கம்மா ஒரு கட்டுப் புல்லுக்காக வரப்பில் இன்னொருத்தியின் தலைமயிரைப் பிடித்தவள். அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் புல்லைப் பார்சல் போடச் சொல்வாள். வளாகத்தில் புல் என்னுடையது, கட்டடம் மாணவர்களுடையது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போகாதே என்று யாரும் சொன்னதில்லை. மஞ்சள் உடுப்புப் போட்டவனை உள்ளே இருக்கிற கண்கள் பார்ப்பதே கிடையாது. அப்புறம் யார், எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் போடியிலிருந்து ஒரு போன். ஏலக்காய் முதலாளி. படிப்பை விட்டதிலிருந்து இங்கே வருகிறவரை அவர் கிட்டங்கியில்தான் நான் மூட்டை இறக்கினேன்.

"டேய் தங்கப்பாண்டி, நல்லாருக்கியா? நீ புல்லு வெட்டுற காலேஜுலதான்டா நம்ம பிரசன்னாவுக்கு எடம் கெடச்சிருக்கு."

"சந்தோசம் மொதலாளி. அவரு வரும்போது புல்ல ஒட்ட வெட்டிவைக்கவா, நீளமா விடவா?"

"ஒன் வாயி மட்டும் மாறலடா. காலேஜுக்குள்ளயே தங்க ரெண்டு மாதிரி எடம் இருக்காம். பய போன்ல படத்தப் பாத்துட்டு முழிக்கிறான். சாம்பிள் பாக்காம நா ஏலத்துல கை வச்சிருக்கேனா? நீ போயி கண்ணால பாத்துச் சொல்லு. நீ சொல்றதுதான்."

நீ சொல்றதுதான்! அந்த வாயிலிருந்து எனக்கு இப்படி ஒரு சொல்.

கிட்டங்கி வாசலைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். என் கூட்டாளி சின்னமாயன் குரங்கணி மலையிலிருந்து ஜீப்பில் லோடு கொண்டுவருவான், நான் இறக்குவேன். சோலி முடிந்து வெளியே வரும்போது நாங்கள் ரெண்டு பேரும் வாசலில் நின்று, சட்டைப்பை டவுசர்ப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்து உதறிக் காட்ட வேண்டும். ஏலக்காய் விற்கிற விலைக்கு அது நியாயம் என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த முதலாளி மகன் பிரசன்னா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். என்னைவிடச் சின்னவன். மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "இன்னொருக்கா உதறுடா" என்பான். உதறுவேன். அவன் "ம், போ" என்று சொன்ன பிறகுதான் கால் படியிறங்கும்.

விடுதி பார்க்கிற அன்றைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆபீசில் இருந்த பெண் என் கழுத்தில் வெயில் கறுப்பாகக் கிழித்திருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "கான்ட்ராக்டர்? பின்பக்கம்" என்று கை காட்டினாள். "நோ மேடம். ஃபேமிலி" என்றேன். "எந்த ஃபேமிலி கம்ப்ளெயின்ட் பண்ணினது?" என்றாள். கடைசியில் போனில் பிரசன்னாவின் அட்மிஷன் கடிதத்தைக் காட்டின பிறகுதான், பணக்கார வீட்டு மூட்டைக்கு நான் சும்மா சணல் என்று அவளுக்குப் புரிந்தது. கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் மாதிரி, வரிசை வரிசையாக அறைகள், கீழே மெஸ், கக்கூஸ் கழுவ ஆள். இரண்டாவது அபார்ட்மென்ட். நாலு பேருக்கு ஆளுக்கொரு அறை, நடுவில் கூடம், அடுப்படி, ஒரு கக்கூஸ். அந்தக் கூடத்தின் அளவுள்ள அறையில்தான் நாங்கள் இரட்டைத் தட்டுக் கட்டில் போட்டுப் பன்னிரண்டு பேர் தூங்குகிறோம், அது கிடக்கட்டும். அபார்ட்மென்ட்டில் சமைப்பது, சட்டி கழுவுவது, கக்கூஸ் தேய்ப்பது எல்லாம் அந்த நாலு பேரே, முறை வைத்து. முறை வைத்து என்று அவள் சொன்னதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. பெற்றவர்களே, அடுப்படி உள்ள வீடு வேண்டுமா என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். கழுவுவாயா என்று கேளுங்கள். அன்றைக்கே முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அபார்ட்மென்ட்டுதான் மொதலாளி. அடுப்படி இருக்கு, நம்மூரு சாப்பாடு சாப்புடலாம்."

"பயலுக்கு வெந்நி வைக்கத் தெரியாதேடா."

"படிக்கத்தான மொதலாளி அனுப்புறீக?"

பிரசன்னா வந்து சேர்ந்தான். கொஞ்ச நாளைக்குச் சத்தமில்லை. அவன் கக்கூஸ் தேய்க்கிறதை நினைத்துக்கொண்டே புல் வெட்டினேன். மெஷின் இலேசாக இருந்தது. பிறகு அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, நாந்தேன் பிரசன்னா. ஞாயித்துக்கெழம சாப்புட வாங்களேன்."

அண்ணே! டேய் போய் அண்ணே வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன் நான், கூறுகெட்டவன்.

கடையில் வாங்கின பிரியாணிப் பொட்டலம் ரெண்டு இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போனால் தொட்டியில் குழாயை முட்டுகிற உயரத்துக்குப் பாத்திரம்.

"இன்னிக்கு நம்ம மொறைண்ணே. இந்தப் பயலுக காலைலருந்து மொறைக்கிறாய்ங்க."

"நம்ம மொறையா, ஒம் மொறையா?"

"எனக்கு இதெல்லாம் எங்கண்ணே தெரியும்?"

"நாரப் போட்டு அமுக்கித் தேய்க்கணும் தம்பி. இந்தா, இப்பிடி."

"ஆமாண்ணே, அப்பிடித்தான்."

ஒரு சட்டியைச் சொல்லிக்கொடுக்கக் கையில் எடுத்தவன், தொட்டி காலியாகிறவரை நிமிரவில்லை. அவன் சுவரில் சாய்ந்து போனை நோண்டியபடியே, அப்பிடித்தாண்ணே, அப்பிடித்தாண்ணே என்று படித்துக்கொண்டிருந்தான். கூட இருக்கிற சீனப் பையன் உள்ளே வந்து என்னைப் பார்த்தான். "யுவர் ஹெல்ப்பர்?" என்று கேட்டான்.

"நோ நோ. மை பிரதர். ஹோம்டவுன்."

ஹெல்ப்பர் என்று சொல்லியிருந்தால் சட்டியை அவன் காலில் போட்டிருப்பேன். பிரதர் என்றவனை என்ன செய்வது? தம்பி கையில் போன், அண்ணன் கையில் அடிப்பிடித்த சட்டி.

கையைத் துடைத்துவிட்டு வாசலுக்கு வந்து ஷூவை மாட்டினேன். நிமிர்ந்தபோது என் கைகள் தானாகப் பேண்ட் பைகளுக்குள் போயின. ரெண்டையும் வெளியே இழுத்தன. உதறின. நான் நின்றேன், யாரோ போ என்று சொல்வதற்காக.

"யூ லாஸ்ட் சம்திங்?" என்றான் சீனப் பையன்.

பிரசன்னா போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் கறுத்து, வாய்க்குள்ளேயே சொன்னான்: "அண்ணே... உள்ள தள்ளுங்கண்ணே."

தள்ளவில்லை. பை ரெண்டும் நாய் நாக்கு மாதிரி வெளியே தொங்க, நான் வெட்டிவிட்ட புல்லின் மேலேயே நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். இந்தக் கால் சிங்கப்பூர் வந்துவிட்டது; கை இன்னும் போடியில் கிட்டங்கி வாசலில்தான் நிற்கிறது போல. உட்கார்ந்து, முதலாளியையும் பிரசன்னாவையும் என்னையும் வாய்க்கு வந்தபடி வைது, நடந்தது அத்தனையையும் சின்னமாயனுக்குப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன். அவன் லோடு ஏற்றிக்கொண்டிருந்திருப்பான். பஸ் வருவதற்குள் பதில் வந்தது.

"மாப்ளே, ஏலக்கா எதும் விழுந்துச்சா?"