ஒரே முத்திரை இரண்டு தரம் வரக்கூடாது

எங்கள் கழகத்துக்கும் வெள்ளவத்தைக் கழகத்துக்கும் தபால் முத்திரைப் போட்டி என்று முடிவானபோது, விதி எழுதும் கூட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று கொட்டாஞ்சேனையில் யாரும் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. மற்றவர்களுக்கு வேலை இருந்தது. எனக்கு வெள்ளவத்தையில் மகள் இருந்தாள். மாதத்தில் பாதி கொட்டாஞ்சேனையில் மகன் வீடு, மீதி வெள்ளவத்தையில் மகள் வீடு என்று இருக்கிறவள் நான். எப்படியும் போகப்போகிறேன், போகிற வழியில் கழகத்துக்காகவும் வாயைத் திறந்துவிட்டு வரட்டும் என்று என் தலையில் கட்டினார்கள். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம், போகிற வழியில் வேடிக்கை பார்த்து நின்றது அதிகம். ஆனால் கூட்டத்தில் பேசப் படிப்பு எதற்கு? அடுத்தவர் நுழைய இடம் விடாமல் பேசத் தெரிந்தால் போதும். அது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. வெள்ளவத்தைக் கழகத்தின் தலைவி என் சம்பந்தி, மகளின் மாமியார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தியைக் கைக்கும் காலுக்கும் சொன்னார், வாய்க்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார். அதனால்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது.

இரண்டு கழகமும் ஒன்றுபோல் இல்லை. வெள்ளவத்தையில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது லண்டனிலோ டொரன்டோவிலோ பாரிசிலோ இருக்கிறது. அவர்களின் ஆல்பத்தைத் திறந்தால் உலகத்து ராஜா ராணியெல்லாம் வரிசையாக நின்று பார்ப்பார்கள். எங்களுடையவை கடைக் கடிதம், கோர்ட்டுக் கடிதம், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை, இவற்றிலிருந்து கிழித்தவை. கொஞ்சம் குவைத், கொஞ்சம் சவூதி. எங்கள் தலைவர் பொத்தான், நூல், ஜிப் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர். அவர் கடையின் மேல்மாடியில்தான் பௌர்ணமி விடுமுறையான போயா நாளுக்குப் போயா நாள் கூடுவோம். அன்றைக்குக் கடை பூட்டு.

போட்டிக்கு முந்தின போயாவில் எல்லோரும் முத்திரை கழுவிக்கொண்டிருந்தோம். உறையின் மூலையை வெட்டி, பேசினில் தண்ணீர் விட்டு, மிதக்கப் போட்டால் பசை விட்டு முத்திரை தனியே வரும். நான் மட்டும் தண்ணீரில் போடுவதில்லை. இடியப்பம் அவிக்கும்போது தட்டுக்கு மேலே பிடிப்பேன். ஆவியில் தானாக உரிந்து வரும். என் முத்திரைகளில் லேசாக அரிசிமா வாசம் அடிக்கும் என்று நானா சொல்வார். அடிக்கட்டும். அவருடையவற்றில் புகையிலை வாசம்.

அன்றைக்கு ஒருத்தி தன் கடித உறைக் கட்டைப் பேசினுக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். ஜிந்துப்பிட்டியில் என் பழைய பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். ரியாத்தில் வீட்டு வேலைக்குப் போய் அங்கேயே பல வருடம் கழித்து வந்தவள். கழகத்துக்கு என்னோடு தேநீருக்கு வந்து, பிறகு அங்கத்தவரானாள். அவள் கட்டில் இருந்தவை முழு உறைகள், ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்டவை. எல்லாவற்றிலும் அநேகமாக ஒரே முத்திரை, ஒரே குருவி. வெட்டித் தண்ணீரில் போடு என்று நானா கையை நீட்டினார். அவள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, உறையோடுதான் போட்டிப் போர்டில் போடுவேன் என்றாள்.

அந்த நேரம் பார்த்து நானாவின் போனுக்கு வெள்ளவத்தையிலிருந்து விதிகள் வந்தன. இன்னும் முடிவாகாதவை. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். ஆளுக்கு ஒரு போர்டு. பசை, சோறு, செலோடேப் எதுவும் ஆகாது. இதைக் கேட்டு எங்களில் இரண்டு பேர் பெருமூச்சு விட்டார்கள். அவர்களின் ஆல்பம் முழுக்கச் சோற்றால் ஒட்டியது. பிறகு ஒரு விதி: ஒரே முத்திரை இரண்டு தரம் வரக்கூடாது.

அவள் கட்டுக்கு ரப்பர் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

பஸ் ஹோல்ட்டுக்கு நடக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த உறைகளின் மேல் விலாசம் எழுதியது அவள் மகள். தாய் போகும்போது மகள் சின்னப் பிள்ளை. அம்மம்மா கடிதத்தை எழுத, பிள்ளை உறையில் விலாசத்தை எழுதுவாள். பிறகு கடிதமும் அவளே எழுதினாள். இவள் பதில் போடுவது ரியாத் வீட்டுக்காரர் தபாலுக்குப் போகிற நாளைப் பொறுத்தது. அநேகமாகப் போகவே மாட்டார்கள். மகள் வளர்ந்து, பொரளையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டாள். கல்யாண வீட்டில் யாரோ கேட்டதற்கு, நான் போட்ட கடிதமெல்லாம் அங்கே குப்பைக்குத்தான் போயிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். பின்னால் பந்தி பரிமாறிக்கொண்டிருந்த தாய்க்குக் கேட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. தீபாவளிக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள். அவ்வளவுதான்.

"வீட்டுலயே எடுத்துக் காட்டேன்" என்றேன்.

"வீட்டுல எடுத்தா அவ எந்திரிச்சுப் போயிடுவாக்கா. இல்லாட்டி நான் அழுதுடுவேன். போர்டுல போட்டா அது போட்டி. யாரும் அழ மாட்டாங்க."

அது எனக்குச் சரியாகப் பட்டது. அழுகை வரும் என்று பயந்து நானும் பல காரியங்களைப் பகிடியாகச் செய்திருக்கிறேன். சரி, நீ போர்டைத் தயார் பண்ணு, விதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படிப் பார்ப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. அதைப்பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

நான் வெள்ளவத்தைக்குப் புறப்படும்போது நானா கடை வாசலில் நின்று ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பினார். வாங்கின முத்திரை போட்டியில் சேராது, தனக்கு வந்ததும் தானாகச் சேர்த்ததும்தான் சேரும். இது எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் வைத்த விதி. வெள்ளவத்தைக்காரர்கள் போனில் விரலைத் தட்டி எந்த நாட்டிலிருந்தும் முத்திரை வரவழைப்பார்கள்.

"அத மட்டும் உட்டுக் குடுக்க வாணாம் அக்கா. அது போனா நாங்க போறதுல வேலயில்ல."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். தலையை ஆட்டினேனே தவிர, எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, மரக்கறி நாள். கூட்டம் பின்னேரம். காலையிலேயே சம்பந்தி வீட்டுக் குசினிக்குள் நுழைந்துவிட்டேன். அவர்கள் வீடு மேல்மாடி. கீழே தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அதற்குப் பின்னால் கடல். சம்பந்தி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஜிந்துப்பிட்டிக்காரியின் கதையைச் சொன்னேன். மகள் கல்யாண வீட்டில் சொன்னது வரை போகவில்லை. அது அவளுடையது. ரியாத்துக்குப் போன உறைகள், ஒரே குருவி, அவ்வளவுதான்.

"ஒரே முத்திரையைத் திரும்பத் திரும்ப வச்சா அது சேகரிப்போ? அது சும்மா சேர்ந்த குப்பை" என்றார் சம்பந்தி.

"உங்க அலுமாரியில மாம்பழக் கலர்ல எத்தன சீலை இருக்கு சம்பந்தி?"

"அது வேற. ஒவ்வொண்டுக்கும் கரை வேற."

"இதுலயும் ஒவ்வொண்ணுக்கும் தபால் சீல் வேற. வேற நாள், வேற மாசம், வேற வருசம். குருவிதான் ஒண்ணு. கரையப் பாருங்க."

சம்பந்தி கத்தியை நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களை அப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"நீங்கள் சும்மா வரேல்ல. பதிலுக்கு என்ன கொண்டு வந்தனீங்கள்?"

அவர் கேட்டதும் எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் பிறகு அங்கே படித்தவர், படிக்காதவர் என்று ஆள் கிடையாது. வாங்கின முத்திரை ஆகாது என்ற விதியை நாங்கள் விடுகிறோம், உங்கள் ஆட்கள் எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும் என்றேன். சம்பந்தி வெட்டின முருங்கைக்காயைச் சட்டிக்குள் தள்ளினார்.

"அப்ப நீங்கள் தோத்துப் போவீங்களே" என்றார். குரலில் உண்மையான இரக்கம்.

"தோக்குறதுக்கு நாங்க என்ன பழக்கமில்லாதவங்களா? நீங்க எழுதுங்க."

பின்னேரக் கூட்டத்தில் இரண்டையும் திருத்தி எழுதினார்கள். முத்திரை ஒன்றாக இருந்தாலும் சீல் வேறானால் சேரும். வாங்கினதும் சேரும். எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சந்தேகத்தால் இல்லை, காதுக்கு நன்றாக இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி நானாவிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. ஒரு ஜிப்பை எடுத்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"பிழ ஒங்கள்ட்ட இல்ல. ஒங்கள அனுப்பினது எண்ட பிழ."

ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று கேட்டார். அங்கே ஏசி குளிரில் வாய் விறைத்துப் போய்விட்டது என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

போட்டி பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நடுவர் பொரளையிலிருந்து வந்த சிங்களவர், ஓய்வு பெற்ற தபால் அதிபர். என் போர்டில் மீன், மாம்பழம், தேங்காய், கத்தரிக்காய் என்று சாப்பாட்டு முத்திரைகள்தான். நடுவர் குனிந்து பார்த்து, "ஆச்சி, மேக கடயக் வகே" என்றார். உண்மையில் அது பலசரக்குக் கடை மாதிரித்தான் இருந்தது. ஓம் மஹத்தயா, பேலியகொடைச் சந்தையைவிட இங்கே மலிவு என்று சிங்களத்தில் சொன்னேன். சிரித்தார். மார்க் போடவில்லை.

ஜிந்துப்பிட்டிக்காரியின் போர்டைக் கூடத்தின் கோடியில் வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே குருவி வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். கிட்டப் போனால் குருவியை யாரும் பார்க்க மாட்டார்கள். எழுத்தைத்தான் பார்ப்பார்கள். முதல் வரிசையில் விலாசம் உறை முழுக்கப் படுத்திருந்தது. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் பூரான் மாதிரி, யாரோ எழுதினதைப் பார்த்துக் கீறினது. அடுத்த வரிசையில் எழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே சாய்ந்தது. கடைசி வரிசையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவள் மாதிரி ஓடியது. என் சம்பந்தி அந்தப் போர்டுக்கு முன்னால் போய் நின்று, மேலேயிருந்து கீழே வரை பார்த்து, என்னிடம் வந்து, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். வெள்ளவத்தை வென்றது. எட்டிக்கூடப் பார்க்க முடியாத தூரத்தில் வென்றது. அவர்களில் ஒருவர் வாங்கி வைத்திருந்த ஒரு பழைய முத்திரைக்கே எங்கள் முழுக் கழகத்தின் மார்க் கிடைத்தது. நானா என் பக்கம் திரும்பாமல் தேநீரோடு பற்றிஸ் தின்றார்.

ஜிந்துப்பிட்டிக்காரி வரச் சொல்லியிருந்த மகள் மட்டும் இன்னும் வரவில்லை. மருந்துக் கடையில் இன்னொரு பிள்ளை லீவாம். விதிப்படி மண்டபத்தைப் பூட்டும் நேரத்துக்கு முன் போர்டுகளைக் கழற்ற வேண்டும். எல்லோரும் கழற்றினார்கள். அவள் கழற்றாமல் போர்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். மண்டபக் காவலாளி சாவியோடு வந்து நின்றான். என் சம்பந்தி அவனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிங்களத்தில் ஏதோ கணக்குக் கேட்கத் தொடங்கினார். அவர் கணக்குக் கேட்டால் யாரும் சீக்கிரம் தப்ப முடியாது.

அப்போதுதான் மகள் வந்தாள். கடைச் சீருடையோடு, குடை சொட்டச் சொட்ட. தாயைத் தாண்டிப் போய்ப் போர்டுக்கு முன்னால் நின்றாள். முதல் வரிசையைப் பார்த்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் போனாள். நடுவில் ஒரு உறைக்கு வந்ததும் விரல் நின்றது. அதில் குருவி தலைகீழாக இருந்தது.

"இது நான் வேணும்னே தலைகீழா ஒட்டினது" என்றாள்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உள்ள ஒண்ணுமே வக்கலியே நீ. வெறும் கவர்."

நான் பல வருடம் அந்தத் தாயோடு பழகியவள். இதை எனக்கே சொன்னதில்லை. ஒரு பிள்ளை கோபத்தில் வெறும் உறைக்கு முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறது. தாய் அதைப் பிரித்துப் பார்த்து, மற்றவற்றோடு அடுக்கி வைத்திருக்கிறாள். எனக்கு வாயில் வந்த பகிடி ஒன்றை விழுங்கிக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, தொண்டை நொந்தது.

மகள் பிறகு கையை நீட்டி, "இத மட்டும் எனக்குக் குடும்மா" என்றாள். "கிழிச்சுப் போடணும்."

தாய் அவள் கையை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"அட்ரஸப் பாரு. அது எனக்கு வந்தது."

மகள் சிரித்தாள். கல்யாண வீட்டில் சிரித்த சிரிப்பு எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது, இது மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்த சிரிப்பு. யாரும் அழ மாட்டார்கள் என்று சொன்னவளும் முந்தானையைத் தேடினாள். போட்டிக்கு அப்படி ஒரு விதி எழுதியிருக்கவில்லை, அதனால் நான் ஆட்சேபிக்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. போர்டு எந்த த்ரீவீலுக்குள்ளும் அடங்கவில்லை. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். உறைகளைக் கழற்றினால் போர்டை இங்கேயே விடலாம் என்று நானா சொன்னார். பேச மாட்டேன் என்று இருந்தவர் அதற்காக வாயைத் திறந்தார். மகள் கேட்கவில்லை. இப்படியே கொண்டுபோகலாம் என்று ஒரு பக்கத்தைப் பிடித்தாள், தாய் மறுபக்கத்தைப் பிடித்தாள். காலி வீதியில் இரண்டு பேரும் போர்டை நடுவில் வைத்துக்கொண்டு, நீ வேகமாகப் போகிறாய், நீதான் இழுக்கிறாய் என்று சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள்.