நான் பாட்டில் இல்லை

என் கணவருக்கு இருப்பது நோயா கொழுப்பா என்று எங்கள் வீட்டில் ஒரு வருடமாகச் சண்டை. கொழுப்பு என்றாள் என் அக்கா. நோய் என்றார்கள், பட்டாபிராமில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற, குடியை நிறுத்தியவர்கள். அவர்களுக்கு அது பேச ஒரு விஷயம். எனக்கோ குடித்தனம் நடத்துவதா, பெட்டியைக் கட்டுவதா என்பதே அதில்தான் இருந்தது. நோய் என்றால் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், கொழுப்பு என்றால் போய்க்கொண்டே இருக்கலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். நாங்கள் இருப்பது குவார்ட்டர்ஸில். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், பீடி நாற்றம் கூட ஆகாது. "தங்கமான மாப்பிள்ளை" என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அந்தத் தங்கத்துக்குப் போன் பழக்கம். முதலில் ஆபாசப் படம், பிறகு முகம் தெரியாத பெண்களோடு வீடியோ கால், அப்புறம் எந்நேரமும் அதே நினைப்பு. தொழிற்சாலைக்குள் போனை எடுத்துப்போக முடியாது, கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் மனிதர் அரை நாள் லீவு போடுவார். போனை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, மத்தியானம் காலியாக ஓடுகிற லோக்கல் ரயிலில் ஒரு மூலையில் உட்கார்ந்து சென்ட்ரல் வரைக்கும் போவார். அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருவார்.

அதைப் பார்த்தவள் என் அக்கா.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரரு டூட்டி டைம்ல டிரெயின்ல சுத்திகினு கீறாரு? எதுனா சின்ன ஊடு கீதா, விசாரி" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, ஆவடி ஸ்டேஷனில் காத்திருந்து, அவர் ஏறிய பெட்டியிலேயே ஏறி, நேர் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஆவடி தாண்டி அம்பத்தூர் வருகிற வரைக்கும் எதிரில் இருப்பது பெண்டாட்டி என்று அவருக்குத் தெரியவில்லை. தலையே நிமிரவில்லை. வேறொரு பெண்ணோடு கையும் களவுமாகப் பிடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகம் வெளிறிப்போயிற்று. போனை மடியில் கவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

"நிறுத்த முடியல. வேணும்னு பண்ணல, சத்தியமா நிறுத்த முடியல."

இதை அக்காவிடம் சொன்னதும் ஒரு பிடி பிடித்தாள்.

"முடியலையாமா? ஃபேக்டரி கேட்டுல போனைக் குடுத்துட்டு உள்ளாற போறாரே, அப்போ மட்டும் எப்படி முடியுது? மேலதிகாரின்னா பயம், பொண்டாட்டின்னா தொக்கு. கொழுப்புடி அது."

இன்றைக்கும் அது நல்ல கேள்விதான்.

அவருடைய பழைய ஃபோர்மேன் ஒருவர் ரிட்டயர் ஆகிப் பட்டாபிராமில் இருக்கிறார். ஒரு காலத்தில் குடித்துவிட்டு மெஷின் மேலேயே விழுந்தவர். இப்போது குடியை விட்டவர்களை ஒரு நர்சரி பள்ளி அறையில் கூட்டிவைத்து நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. என் கணவர் வெட்கத்தை விட்டு அவரிடம் போய் நின்றார். "சரக்கு பேருதான் வேற மாமே. நோய் ஒண்ணுதான். வந்து உக்காரு" என்று அவர் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் கூட்டத்தில் எதிர்ப்பு. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் எழுந்து, "அண்ணாத்தே, நாங்கல்லாம் குடிகாரனுங்க. மரியாதையான ஆளுங்க. இவரு கேஸு வேற. இவரு கூட உக்காந்தா எங்களை இன்னான்னு நினைப்பாங்க?" என்று கேட்டாராம். இதை என் கணவர் வீட்டில் வந்து சொன்னபோது, அத்தனை வருத்தத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கடையில் விழுந்து கிடந்தவர்களிலும் மேல்சாதி கீழ்சாதி இருக்கும் போல.

எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு முறை உண்டு. முதல் கிளாஸைத் தொடாதே. கடை இருக்கிற தெருப் பக்கம் நடக்காதே. வீட்டில் பாட்டில் வைக்காதே. வாரா வாரம் எழுந்து நின்று, இத்தனை நாளாகத் தொடவில்லை என்று சொல்ல வேண்டும், எல்லோரும் கை தட்டுவார்கள். வருடம் முடிந்தால் பிறந்த நாள் போலக் கேக் வெட்டுவார்கள். இந்த முறையில் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதையே ஒரு வரி மாற்றாமல் இவருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் போனைக் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் வாங்கினார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து, எது ஆசையைக் கிளப்புகிறதோ அதன் பக்கமே போகக் கூடாது என்றார்கள். மறுநாள் தலையணை ஹாலுக்குப் போயிற்று. நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் அவர் பால்கனிக்குப் போய்விடுவார். காபி கொடுக்கும்போது விரல் பட்டால் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். சாப்பிடக் கூட எதிர் மூலையில்தான். கண்ட பெண்களையெல்லாம் பார்த்தவருக்கு என்னைப் பார்த்தால் அருவருப்பு போல என்று நினைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"நான் சுத்தமா கீறேன். ஒரு சொட்டு கூடத் தொடல. போன வாரம் எல்லாரும் கை தட்டுனாங்க தெரியுமா?"

எனக்குப் பற்றி எரிந்தது. என்னைத் தொடாததற்குக் கை தட்டியிருக்கிறார்கள்!

ஷிப்ட் முடிந்து நேராக அம்பத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். என்னை விடச் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் கேட்டேன், இது போதையா இல்லையா என்று.

"டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் ஒத்துப்போகலைங்க" என்றார். "இதை நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. ஆனா குடி, கஞ்சாவோட வைக்கல. உந்துதலை அடக்க முடியாம செய்யுற பழக்கங்களோட வெச்சிருக்காங்க. மூளையில நடக்கறது குடி மாதிரியேதான் இருக்குன்னு சிலர் சொல்றாங்க. அந்த வார்த்தையே வேணாம்னு சிலர் சொல்றாங்க. குற்ற உணர்ச்சியில, கொஞ்சமா பார்க்கறவங்க கூட நான் அடிமைன்னு வந்து நிக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் அப்படி இல்ல, வேலையே கெட்டுப்போயிருக்கு. அவரால நிறுத்த முடியலைங்கறது நிஜம். செஞ்சதுக்கு அவர்தான் பொறுப்புங்கறதும் நிஜம். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்."

பெரிய பெரிய டாக்டர்களுக்கே முடிவு தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டா நான் பெட்டியைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்? பஸ்ஸில் வரும்போது மனசு லேசாகிவிட்டது. கூடவே இன்னொன்றும் பிடிபட்டது. குடியை ஆயுசுக்கும் விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இதை அப்படி விட முடியாது. விட்டால் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்பத்தாரும் அந்தக் கூட்டத்துக்கு வரலாம். அடுத்த முறை போனேன். என் கணவர் எழுந்து தன் கணக்கைச் சொன்னார், தட்டினார்கள். "ஊட்டு ஆளுங்க யாருனா பேசறீங்களாம்மா?" என்று அண்ணாத்தே கேட்டார். இது வழக்கமாகக் கேட்பது. பெண்கள் வழக்கமாகத் தலை குனிந்துகொள்வார்கள். நான் எழுந்தேன். நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

"அண்ணாத்தே, குடியை உட்டவங்க நீங்க. உங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா ஒரு சந்தேகம். நீங்க பாட்டிலை உட்டப்போ அது அழுதுச்சா? ஏன்யா என்னைத் தொட மாட்டேன்றன்னு கேட்டுச்சா? இவரு என் கைல காப்பி வாங்க மாட்றாரு. தலை காய வெச்சிகினு நின்னா எழுந்து ஓடறாரு. நீங்க அதுக்குக் கை தட்டிகினு கீறீங்க. நான் பாட்டில் இல்ல, இவரு பொண்டாட்டி. போனை உடச் சொல்லுங்க, பொய்யை உடச் சொல்லுங்க. என்னை உடறதா வேணாமான்னு நீங்க யாரு சொல்றதுக்கு?"

கேட்டுவிட்டு நான் உட்காரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தட்டினாள். அவள் அந்த ஆட்டோக்காரரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. அப்புறம் மற்றப் பெண்களும் தட்டினார்கள். அண்ணாத்தே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புதாம்மா" என்றார். "எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே வைத்தியம். அதையே இவனுக்கும் ஊத்திட்டோம்."

ஒரு கூட்டத்தின் தலைவர், அத்தனை பேர் முன்னால், ஒரு பெண்ணிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டார். நான் பேசியதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

வீடு திரும்பும்போது, குவார்ட்டர்ஸ் கேட்டருகே வந்ததும் என் கணவர் நின்றார்.

"பயந்துட்டேன். உன்னைத் தொட்டா நீயும் அந்தக் கணக்குல சேந்துடுவியோன்னு."

"சேர மாட்டேன்" என்றேன். "ஆனா அதுக்காகத் தலையணையைத் தூக்கிகினு இன்னைக்கே உள்ளாற வந்துடாத. மொதல்ல டாக்டரு. அப்பால நான் சொல்றேன்."

தலையை ஆட்டினார். போனார். இப்போது டாக்டரிடமும் போகிறார், ஞாயிற்றுக்கிழமையும் போகிறார். ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "இன்னைக்கு கேட்டுக்கு வெளிய, எங்கூட வேலை செய்றவன் போனை வாங்கிப் பாத்துட்டேன்" என்றார். கோபம் வந்தது, திட்டினேன். ஆனால் நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவராக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. திட்டி முடித்துவிட்டுத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். எதிர் மூலைக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தலையணை எப்போது உள்ளே வந்தது என்பதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

கூட்டத்திலும் அவரிடம் இப்போது நாள் கணக்குக் கேட்பதில்லை. "இந்த வாரம் பொய் சொன்னியா?" என்றுதான் அண்ணாத்தே கேட்கிறார். குடிகாரர்களிடமும் அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார், அவர்கள்தான் நெளிகிறார்கள்.

போன மாதம் குடும்பத்தார் வருகிற ஞாயிறன்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யார் காதிலும் விழாதபடி, "உங்க ஊட்டுக்காரரும் குடியாக்கா? எவரு அவரு?" என்று கேட்டாள்.

ஒரு வருடமாக ரேஷன் கடையிலும் காய்கறிக் கடையிலும், இன்னாருடைய மனைவி என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தவள் நான். கையை நன்றாக நீட்டிக் காட்டினேன்.

"அதோ, நீலச் சட்டை. குடி இல்லம்மா, அது வேற. டாக்டருங்க இன்னும் பேரு வெச்சி முடிக்கல. அவருதான் என் ஊட்டுக்காரரு."

நான் குரலைத் தாழ்த்தவில்லை. முன்வரிசையில் அவர் திரும்பிப் பார்த்தார்.