இருபத்துநாலாவது குழி

என் வீட்டுக்காரிக்கு நகராட்சியில தற்காலிக வேலை. தெருவுல மரம் நட, வீடு வீடா ஏறி இறங்கிச் சம்மதக் கையெழுத்து வாங்கணும். எங்க தெருவுல இருபத்துநாலு வீடு. அத்தனையும் கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம், ஒண்ணு குறைஞ்சாலும் மாசக் கடைசியோட நின்னுக்கலாம்னுட்டார் அதிகாரி. ஏழு வருஷமா தற்காலிகமாவே இருக்கிறவ.

மரம் வேண்டாம்னு ஒருத்தரும் சொல்லல, பாவம். நல்ல காரியம்மா, எதிர்வீட்டு வாசல்ல நடுங்கன்னாங்க. எதிர்வீட்டுக்காரங்க இந்தப் பக்கம் கையைக் காட்டினாங்க. இவ சளைக்கல. ரிட்டயர்டு வாத்தியாரோட மூட்டுவலிப் புராணத்தை மூணு தடவை கேட்டா. தையல்கார அம்மாவுக்கு ஒரு மத்தியானம் முழுக்க பட்டன் தைச்சுக் கொடுத்தா.

இருந்தும் பாதித் தெரு மசியல. போற இடமெல்லாம் ஒரே பதில்: வேர் குழாயை உடைச்சிடும், இலை சாக்கடையை அடைச்சிடும், காக்கா வண்டி மேல எச்சம் போடும். ஒரு சொல் மாறல. யாரோ பாடம் நடத்தியிருக்காங்கன்னு சாப்பிடறப்ப சொன்னா. நான் தட்டுலேருந்து தலையைத் தூக்கல.

நடத்தினது நான்தான். எங்க வாசல்ல என் சரக்கு வேன் நிக்குது. அங்க குழி வெட்டினா வேனை எங்க நிறுத்தறது? வீட்டுல சொல்ல வாய் வரல, டீக்கடையில சொன்னேன். நாலே பேர்கிட்டதான். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

இவ அப்படிச் சொன்ன மறுநாள் தையல்கார அம்மா இவகிட்ட போட்டு உடைச்சிட்டாங்க. மத்தியானம் எங்க வீட்டு மணி அடிச்சுது. திறந்தா இவ நிக்கிறா, கழுத்துல அடையாள அட்டை, கையில படிவம்.

"வணக்கம் ஐயா. மரம் வைக்க உங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

என்ன விளையாட்டு இதுன்னேன். அவ சிரிக்கல.

"ஏழு வருஷம் காத்திருக்கேங்க. மாட்டேன்னவங்க ஒவ்வொரு வாசல்லயும் உங்க வார்த்தையைக் கேட்டுட்டுத்தான் இறங்கியிருக்கேன்."

வெட்கமாப் போச்சு. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். அப்புறம் நானே வீடு வீடாப் போய், நான் சொன்னதை நானே மறுத்தேன். வேர் நேரா கீழ போகும், இலையை நான் கூட்டறேன்னேன். காக்காவுக்கு மட்டும் பொறுப்பேத்துக்க முடியல. தண்ணி யார் ஊத்துவான்னு கேட்டாங்க. கையெழுத்து விழணுமேங்கிற அவசரத்துல, நானேன்னு சொல்லித் தொலைச்சேன்.

வேலை நிரந்தரமாச்சு. ஆர்டரைப் பிரிச்சப்ப ரெண்டு பேருமே அழுதோம். அவளைப் போட்ட இடம் ஊரோட அந்தக் கோடி. விடிஞ்சதும் பஸ் ஏறிடறா. தெருவுல கன்னு நட்டாச்சு, என் வேன்ல முதல் சரக்கு இப்ப தண்ணி டிரம்தான். எங்களுதுக்கு இன்னொரு வாளின்னு ஜன்னல்லேருந்து வாத்தியார் அதிகாரம் பண்றார்.

நேத்து லீவு. இவ தெரு முழுக்க நடந்து பார்த்துட்டு வந்தா. இருபத்துமூணு கன்னும் தளதளன்னு இருக்கு, நம்ம வாசல்ல மட்டும் வாடியிருக்கேன்னா. கடைசி வீடு, வர்றதுக்குள்ள டிரம் காலியாயிடுதுன்னேன்.

உள்ள போய்ப் படிவத்தோட நகலை எடுத்துட்டு வந்து என் கையெழுத்தைக் காட்டினா.

"இது நீங்க போட்டதுதானே ஐயா?"

வாளியைத் தூக்கிக்கிட்டுப் போனேன்.