ஆட வந்தவர்களும் பேஸ் கிட்டார்காரனும்

பேஸ் கிட்டார் வாசிப்பவனின் தொழில், மற்றவர்கள் ஆடும்போது அசையாமல் நிற்பது. சண்டைக்காலத்தில் கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் நான் அப்படிப் பன்னிரண்டு வருடம் நின்றேன். எங்கள் பேண்டில் நாலு பேர். நான் கொட்டாஞ்சேனைத் தமிழன். ட்ரம்ஸ் அடித்த சுனில் சிங்களவன், பக்கத்துத் தெரு. ஊர் கொண்டாடும்போது வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

யாருக்கும் கேட்காத வாத்தியம்

பேஸ் சத்தம் காதில் விழாது, வயிற்றில்தான் விழும். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! ஒருநாள் வெள்ளவத்தைப் புடவைக் கடை முதலாளி ஒருவர் முன்வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர் கிடைத்துவிட்டார் என்று நான் நன்றாக நிமிர்ந்து வாசித்தேன். இடைவேளையில் கிட்ட வந்து, தோளில் கைபோட்டு, அன்பாகத்தான் கேட்டார்: "தம்பி, மற்ற மூண்டு பேரும் வாசிக்கினம். நீர் ஏன் சும்மா நிக்கிறீர்?"

ஊரடங்கு இரவு

ஒரு வங்கியின் பிரியாவிடை விருந்து. ஒன்பது மணிக்குத் திடீரென்று ஊரடங்குச் சட்டம் என்று அறிவித்தார்கள். விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. தெரிந்த பாட்டையெல்லாம் மூன்று தரம் வாசித்துவிட்டோம். இரண்டு மணிக்குப் பாதிப்பேர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையிலேயே தூங்கினார்கள். சரி, போதும் என்று சுனில் குச்சியைக் கீழே வைத்தான்.

அப்போது வங்கியில் வேலை செய்த ஒரு அம்மா எழும்பி வந்தார். அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு மகன் பாமன்கடைப் பக்கமுள்ள வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான். வீட்டில் டெலிபோன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. பாட்டு நின்றால் காது வெளியே வெடிச்சத்தம் தேடிப் போய்விடும், நிறுத்த வேண்டாம் என்றார். சுனில் குச்சியை எடுத்தான். விரல் வீங்கும்வரை வாசித்தோம். அவர் பாட்டுக்குப் பாட்டு போய் டெலிபோனைச் சுழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்தரைக்கு மகன் எடுத்தான். வழியில் ஆமி மறித்ததால் சிநேகிதன் வீட்டில் தங்கி, அப்போதுதான் வந்திருக்கிறான். போகும்போது அந்த அம்மா எங்களிடம் வந்தார்.

"நல்லா வாசிச்சனீங்களோ எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. நிப்பாட்டேல்லை. அது போதும்."

வராத விருந்தாளிகள்

கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தியின் கல்யாண வரவேற்பு. அன்று காலை நகரத்தில் குண்டு வெடித்தது. மண்டபம் நிறையக் கதிரைகள், வந்தவர்கள் எட்டுப் பேர். தகப்பன் எங்களைப் போகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் விடவில்லை. பரிமாற நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டு மேசைகளில் உட்காரச் சொன்னாள், தானே தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிவந்தாள். கடைசியில் தகப்பனும் ஆடினார். ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த வெயிட்டர் முத்தையா கிளாஸைக் கையில் வைத்தபடி என்னிடம் சொன்னார்: "பதினெட்டு வருசமா தட்டு தூக்குறேன். எனக்கு ஒருத்தர் சோடா கொண்டாந்து குடுத்தது இன்னைக்குத்தான்."

சுனிலின் கிட்டார்

நீளப் பெட்டியோடு ஒரு தமிழன் ஆமி செக்பொயின்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் என் கிட்டாரைச் சுனில் தன்னுடையது என்று சொல்லித் தூக்குவான், அவனுடைய குச்சிகளை நான் பிடித்துக்கொள்வேன். மாதக்கணக்காக அப்படியே போனோம். அங்கே நின்ற ஆமிக்காரன் ஒருவன் சுனிலுக்குத் தலையாட்டுமளவுக்குப் பழகிவிட்டான்.

ஒரு ஞாயிறு பின்னேர டான்ஸுக்கு அந்த ஆமிக்காரன் சாதாரண உடுப்பில் ஒரு பெண்ணோடு வந்தான். மேடையில் சுனில் ட்ரம்ஸில். கிட்டார் என் தோளில். அவன் பார்த்தான், நான் பார்த்தேன். பொய் சொல்லிப் போனோம் என்று பிடித்தால், என்னோடு சுனிலும் அல்லவா உள்ளே போவான்? இடைவேளையில் நேரே என்னிடம் வந்தான், மெதுவாகச் சிங்களத்தில் சொன்னான்: "நாளையிலேர்ந்து நீயே தூக்கிட்டு வா. அவன் பெட்டியைப் பிடிக்கிற பிடியிலேயே, வாசிக்கிறவன் அவனில்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பாட்டு கேட்டார்கள், ஆனால் ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேர நினைத்தவர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக எங்களிடம் கேட்டது "இப்ப நேரம் என்ன?" என்பதுதான்.