தேதி வெட்டாத கல்

எங்கள் தெருத் திலகவதி அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் நம்புவாள். அரிமளம் போகும் ரோட்டில் கல்வெட்டுக் கடை வைத்திருக்கிறாள். அடிக்கல் நாட்டு விழா, திறப்பு விழா என்று எங்கள் எம்.எல்.ஏ. பெயரைக் கருங்கல்லில் வெட்டித் தருவது பத்து வருஷமாக அவள்தான்.

போன வருஷம் ஒருநாள், அவர் சட்டமன்றத்தில் பேசியதை போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். பருவம் தப்பிப்போச்சு, இனி வெயிலில்தான் கரண்ட் எடுக்கணும், என் தொகுதிக்குப் பதினான்கு சோலார் திட்டம் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். அக்கா ஆர்டர் நோட்டை எடுத்து எண்ணினாள். சோலாருக்கென்று வெட்டிய அடிக்கல் பதினான்கு, சரியாக இருந்தது.

"கல்லுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்லையே, கலை" என்றாள் என்னிடம்.

"ஒனக்கெதுக்குக்கா ஊர் வம்பு?" என்றேன். அரசியல் என்றாலே எனக்கு எரிச்சல். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனது நான்தான். வேறு எந்தக் கிறுக்கி போவாள்?

ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடி முழுக்கப் பேனல், ஃபேன் நிற்பதே இல்லை என்றார் டீச்சர். ஒரு கண்மாய்க்கரையில் கல் மட்டும் நின்றது. ஆடு ஒன்று அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பதினான்கில் சேராத ஓர் அங்கன்வாடியில் கல்லே இல்லை, பேனல் மட்டும் ஓடியது. விழா எதுவும் வைக்காமல் எம்.எல்.ஏ. கடிதம் எழுதி வாங்கிக்கொடுத்ததாம். "நல்லதையும் எழுதணும்ல" என்று அக்கா அதையும் நோட்டில் ஏற்றினாள். நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்த ஆளைப் பாதி நல்லவராக்கிவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

பதினான்கில் ஐந்து ஓடின, எட்டு ஓடவில்லை. மிச்சம் ஒன்று எங்கள் தெரு. குடிதண்ணீர் மோட்டாருக்குப் பேனல் போடுவதாக மூன்று வருஷத்துக்கு முன் அடிக்கல் நாட்டினார்கள், பேனல் வரவே இல்லை. கரண்ட் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் அக்காவைப் பார்த்தாலே விடமாட்டாள்: "ஏன்டி, ஒன் கல்லப் புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வருமா?" அக்கா சிரித்து மழுப்புவாள். உள்ளுக்குள் அவளுக்கு வெட்கமாக இருந்தது எனக்குத் தெரியும்.

திறப்பு விழாக் கல்லுக்கும் அப்போதே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். எல்லாம் வெட்டி, தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அந்தக் கல் மூன்று வருஷமாகக் கடைச் சுவரில் சாய்ந்தே கிடந்தது.

தேர்தல் நெருங்கியதும் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அரவிந்த்குமார் வந்தார். "நாளைக்குத் திறப்புக்கா. தேதிய வெட்டிருங்க."

"பேனல் வரலையே தம்பி?"

"அது பின்னாடி வரும்."

"அப்ப தேதியும் பின்னாடி வரட்டும். தண்ணி வார அன்னைக்கு வெட்டித்தாரேன்."

"இனிமே ஒங்களுக்கு ஆர்டர் வராது, பாத்துக்கங்க" என்று கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பத்து வருஷப் பிழைப்பு. மறுநாள் பார்த்தால் தேதியை மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நட்டிருந்த கல்லின் திரையை எம்.எல்.ஏ. விலக்கினார். எல்லோரும் கைதட்டி முடித்ததும் அக்கா கேட்டாள்: "ஐயா, பேனல எங்கிட்டு வச்சிருக்காங்க?"

அவள் கேட்டதில் நக்கல் இல்லை. அவரும் நிஜமாகவே அண்ணாந்து தொட்டி மேலே பார்த்தார். பிறகு அரவிந்த்குமாரைப் பார்த்தார். அக்கா நோட்டை நீட்டினாள். நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார்.

"இந்த அங்கன்வாடி விஷயம் யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. போய்ப் பாத்தேன்."

அவர் திரையை இழுத்து மூடிவிட்டு காரில் ஏறினார்.

இருபத்திரண்டு நாள் கழித்துப் பேனல் வந்தது. கரண்ட் இல்லாத ஒரு மத்தியான வேளையில் குழாயில் தண்ணீர் கொட்டியது. எம்.எல்.ஏ. வரவில்லை. அவர் பெயர் போட்ட ஆர்டர் இன்றுவரை அக்காவுக்கு வரவுமில்லை. அதெல்லாம் அவளுக்கு நினைவிருந்ததா தெரியாது; தின்னரும் உளியும் எடுத்துக்கொண்டு ஓடினாள். மஞ்சள் பெயின்டைத் துடைத்துவிட்டு அன்றைய தேதியை வெட்டினாள்.

முத்துமாரியம்மாள் முதல் சொம்பைப் பிடித்து அவளிடம் நீட்டினாள்.

"இந்தா, ஒன் கல்லப் புழிஞ்ச தண்ணி. குடி."